பியர் கோட்டுக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை காலை. தெற்கு கலிஃபோர்னியாவில் பெரிஸ் என்ற ஊர். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். நெரிசலில் மாட்டினால் அது உங்கள் ஜாதகம். காய்ந்த மண், காய்ந்த குன்றுகள், ஒரு ஓடுபாதை. அதை ஒட்டி கொட்டகைகள், நிழற்பந்தல்கள், நீச்சல் குளம், ‘பாம்ப் ஷெல்டர்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒரு மதுக்கூடம். ஒலிபெருக்கி கரகரக்கிறது. “லோடு ஏழு, இருபது நிமிடம். லோடு எட்டு, நாற்பது நிமிடம்.” நம்மூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி புறப்படும் நேரம் சொல்லும் அதே குரல், அதே அலுப்பு. ஒரே ஒரு வித்தியாசம்: இந்த வண்டியில் ஏறுகிறவர்கள் யாரும் வண்டியோடு திரும்பி வரமாட்டார்கள்.

ஸ்கைடைவிங் உலகத்துக்கு நல்வரவு. உள்ளே வாருங்கள். ஆனால் காலடியைப் பார்த்து வையுங்கள். இந்த மாதிரித் தளங்கள் பலவற்றில் தரையில் ஒரு கோடு கிழித்திருப்பார்கள். அதற்குப் பெயர் பியர் கோடு. குதிக்காதவர் யாராவது யாரையும் கேட்காமல் அதைத் தாண்டினால் ஒரு பெட்டி பியர் வாங்கித் தரவேண்டும். அபராத ரசீதெல்லாம் கிடையாது. சாயங்காலம் பெட்டி வந்து சேரும் வரை உங்களை விடமாட்டார்கள், அவ்வளவுதான்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் உங்களுக்கும் எனக்கும் ஒரு பெயர் உண்டு: ‘வஃபோ’. “எதுக்காகய்யா விமானத்திலிருந்து குதிக்கிறீங்க?” என்று ஆங்கிலத்தில் கேட்கும்போது வரும் அந்த ‘எதுக்காக’ தேய்ந்து உருமாறி வந்த சொல். கேள்விக்கேற்ற பதிலும் தயாராக வைத்திருக்கிறார்கள். “நல்லா ஓடிட்டிருக்கிற விமானத்திலிருந்து ஏன் குதிக்கணும்?” என்று கேட்டுப் பாருங்கள். “நல்லா ஓடிட்டிருக்குன்னு யார் சொன்னா? எங்க விமானத்தை நீங்க பார்த்ததில்லையே!”

பியர் சட்டம் கோட்டோடு நிற்பதில்லை. எதை முதல் தடவை செய்தாலும் பியர். முதல் தனிக் குதிப்பு, முதல் இரவுக் குதிப்பு, முதல் சொந்த பாராசூட், எல்லாவற்றுக்கும் பியர். “இதுதான் என் முதல்...” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், வாக்கியம் முடிவதற்குள் சுற்றி நிற்கிறவர்கள் கூவிவிடுவார்கள். நூறாவது குதிப்புக்கு மட்டும் வேறு மரியாதை: இறங்கி வந்ததும் முகத்தில் க்ரீம் அப்பிய தட்டு. நம்மூரில் பொன்னாடை, அங்கே க்ரீம்.

இந்தக் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். மென்பொருள்காரர், செவிலியர், குழாய் ரிப்பேர்க்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், வேலையை விட்டுவிட்டு வேனிலேயே குடியிருக்கும் இளைஞன். யாரும் யாரிடமும் “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: “எத்தனை குதிச்சிருக்கீங்க?” அந்த எண்தான் இங்கே சாதி, சம்பளம், வயது எல்லாம். அமெரிக்காவில் 25 குதித்தால்தான் ‘ஏ’ உரிமம். ‘சி’ உரிமத்துக்கு 200. ‘டி’ உரிமத்துக்கு 500. இருநூறு குதிக்கும் முன் தலையில் கேமரா மாட்டக்கூடாது என்பது அமெரிக்க பாராசூட் சங்கத்தின் அறிவுரை. ஏன் என்றால், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உயரத்தைப் பார்க்க மறந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இந்த எண் சமாசாரத்தை ஒரு ஓரமாக மனதில் வையுங்கள். பத்திரிகைக்காரர்கள் பக்கம் போகும்போது தேவைப்படும்.

இப்போது மடிப்புக் கூடத்துக்குள் போவோம். எனக்கு இந்த இடம் விமானத்தைவிடப் பிடிக்கும்.

நீளமான கொட்டகை, தரையெல்லாம் கம்பளம், காதைக் கிழிக்கும் பாட்டு. கம்பளத்தின் மேல் வரிசையாக வண்ண வண்ண நைலான் குவியல்கள். ஒவ்வொரு குவியலோடும் ஒரு ஆள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். இவர்கள் பேக்கர்கள். எத்தனை பாராசூட் மடிக்கிறார்களோ அத்தனைக்குக் கூலி. கை தேர்ந்தவருக்கு ஒன்றை மடிக்கப் பத்து நிமிடம்கூடத் தேவையில்லை. முதல்முறை குதிக்க வந்தவர் இந்தக் காட்சியைப் பார்த்தால் நேரே காருக்குத் திரும்பிவிடுவார். பேக்கர் பாராசூட்டின் மேல் முட்டி போட்டு ஏறியிருப்பார், ஒரு கையால் அமுக்கிக்கொண்டே பக்கத்து ஆளோடு நேற்றைய கதை பேசுவார், நடுவில் ஒரு வாய் சாண்ட்விச்.

பயப்பட வேண்டாம். கயிறுகளை எல்லாம் தோளில் போட்டு நேராக்குகிறார்கள். பாராசூட் சிறகின் கண்ணறைகளை ஒவ்வொன்றாக எண்ணி, துணியை இரண்டு பக்கமும் அடுக்குகிறார்கள். பிறகு வாலைச் சுற்றிப் பொட்டலமாக்கித் தரையில் கிடத்தி, மேலே ஏறிக் காற்றை வெளியேற்றுகிறார்கள். காற்று புகாத நைலான், பயங்கர வழுக்கல். பட்டுப்புடவைக்குக் கொசுவம் வைப்பது போல என்று எழுத ஆசைதான். உண்மையில் எண்ணெய் தேய்த்த குழந்தையைக் குளிப்பாட்டப் பிடிப்பது போல. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும். கடைசியில் அதைச் சின்னப் பைக்குள் திணித்து, கயிறுகளை வளைத்து வளைத்து ரப்பர் பேண்டில் செருகி, முதுகுப்பைக்குள் வைத்து ஒரு வளைந்த ஊசியால் பூட்டுகிறார்கள். ஆமாம், ரப்பர் பேண்ட். தபால்காரர் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டின் தடித்த தம்பி.

இந்தப் பொட்டலத்துக்குள் ‘ஸ்லைடர்’ என்று ஒரு செவ்வகத் துண்டு இருக்கிறது. நான்கு மூலையிலும் வளையம், வளையங்களின் வழியே கயிறுகள். மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் விழும் ஆளின் முதுகில் பாராசூட் பட்டென்று விரிந்தால் எலும்பு தாங்காது. இந்தத் துண்டு கயிறுகளின் மேல் மெதுவாக வழுக்கி இறங்க இறங்க, சிறகு சில விநாடிகளில் நிதானமாக விரியும். இன்றைக்குப் பயன்படும் சதுர பாராசூட்டின் சுபாவமே விரிவதுதான். மோசமாக மடித்தாலும் பெரும்பாலும் விரிந்துவிடும். பேக்கர் சாண்ட்விச் சாப்பிடும் தைரியம் அங்கிருந்துதான் வருகிறது.

அப்புறம் முதுகுப்பையின் மேல்பாதி. அதில் ரிசர்வ், அதாவது இரண்டாவது பாராசூட். அதைப் பேக்கர் தொடக்கூடாது. உரிமம் பெற்ற ‘ரிக்கர்’ மட்டும்தான் மடிக்கலாம். மடித்து முடித்ததும் சிவப்பு நூல் கட்டி, ஈய முத்திரை குத்துவார்; முத்திரையில் அவருடைய அடையாளம். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்க வேண்டும். இது அமெரிக்காவின் சட்டம். ரிசர்வ் யார் உயிரையாவது காப்பாற்றினால், பிழைத்தவர் அந்த ரிக்கருக்கு ஒரு நல்ல மதுப்புட்டி வாங்கித் தருவது மரபு. ரிக்கரின் அலமாரியில் புட்டிகளை எண்ணினால் அவர் கைராசி தெரிந்துவிடும்.

பைக்குள் இன்னொரு ஆசாமியும் ஒளிந்திருக்கிறான். ஜெர்மனிக்காரர்கள் 1991-ல் கொண்டுவந்த ‘சைப்ரஸ்’ என்ற சின்னக் கருவி. ஆள் மயங்கிவிட்டாலோ, உயரத்தை மறந்துவிட்டாலோ, தரைக்கு சுமார் 225 மீட்டர் மேலே இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், அது தானாகவே ரிசர்வைப் பூட்டிவைத்திருக்கும் கண்ணியை வெட்டிவிடும். இந்த வகைக் கருவிகள் வந்தபிறகு, எதையுமே இழுக்காமல் தரையில் மோதி இறக்கும் ஆட்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

லோடு ஏழு கிளம்புகிறது. ட்வின் ஆட்டர் விமானம், இரண்டு எஞ்சின், உள்ளே இருபதுக்கும் மேற்பட்டவர்கள், ஒருவர் மடியில் ஒருவர் என்று சொல்லும்படி நெருக்கம். முதல் 1,500 அடிவரை எல்லோரும் சீட் பெல்ட் போட்டிருப்பார்கள். இந்த பெல்ட்டுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, வருகிறேன்.

மேலே ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறையும். வயிற்றுக்குள் இருக்கும் வாயு விரியும். மீதியை நான் எழுத வேண்டியதில்லை. ஏசி கிடையாது, திறக்கும் ஜன்னல் கிடையாது, காலையில் எல்லோரும் பரிட்டோ சாப்பிட்டிருக்கிறார்கள். சினிமாவில் இந்தத் தருணத்துக்கு உருக்கமான இசை போடுகிறார்கள். நிஜத்தில், கதவு திறக்கும்போது கேட்கும் ஆனந்தக் கூச்சலில் பாதி புதுக்காற்றுக்காக.

13,000 அடி. கைமுஷ்டியோடு கைமுஷ்டி முட்டல். பச்சை விளக்கு. போய்விட்டார்கள்.

ராட்டினத்தில் வருவது போல வயிறு தொண்டைக்கு வராது. விமானமே முன்னோக்கிப் பாய்ந்துகொண்டிருப்பதால், குதிப்பவர் முதலில் அதே வேகத்தில் முன்னே போய்ப் பிறகுதான் மெல்லக் கீழே திரும்புகிறார். சுமார் ஒரு நிமிடம் காற்றின் மேல் படுத்திருப்பது போல. பிறகு சிறகு விரிந்ததும் சட்டென்று நிசப்தம். கீழே நாய் குரைப்பதுகூடக் கேட்கும் என்பார்கள்.

இப்போது கீழே நின்று பாருங்கள். ஒருத்தருக்குச் சிறகு முறுக்கிக்கொண்டுவிட்டது. சுழல்கிறார். வலது பக்கப் பிடியை இழுக்கிறார்: முறுக்கிய சிறகு கழன்று பறந்து போகிறது. இடது பக்கப் பிடி: ரிசர்வ் விரிகிறது. மொத்தம் சில விநாடி. கழற்றிவிடும் இந்த ஏற்பாடு, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த மூன்று வளையம், பில் பூத் என்பவர் 1970-களின் நடுவில் கண்டுபிடித்தது. முழு உடல் எடையையும் தாங்கும் பிணைப்பை ஒரு சின்ன நூல்கண்ணி பிடித்து வைத்திருக்கும். ஒரே இழுப்பில் விட்டுவிடும். பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இருவராகக் குதிக்கும் டேண்டம் குதிப்பை உருவாக்கியவர்களில் ஒருவரும் இவர்தான்.

ஆக, நம் ஆள் ரிசர்வில் ஜாலியாக இறங்கிக்கொண்டிருக்கிறார். பிரச்சினை இனிமேல்தான் ஆரம்பம். ஆளில்லாத வண்ணச் சிறகொன்று தனியாக வானத்தில் மிதந்து பக்கத்து ஊர்ப்பக்கம் போகிறது. அதை இழந்தால் ஆயிரக்கணக்கான டாலர் நஷ்டம். நண்பர்கள் இருவர் காரில் ஏறித் துரத்துகிறார்கள், ஒருவர் தலையை வெளியே நீட்டி “இடதுல, இடதுல!” என்று கத்துகிறார். அதே நேரம் நெடுஞ்சாலையில் போகும் ஒரு நல்ல மனிதர் அந்தச் சிறகைப் பார்க்கிறார். ஆளில்லாத பாராசூட்! உடனே 911. இவர்கள் பாராசூட்டை மரத்திலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டு திரும்பும்போது, வாசலில் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் நிற்கும். விழுந்ததாகச் சொல்லப்பட்டவர் மதுக்கூடத்தில் ரிக்கருக்குப் புட்டி வாங்கிக்கொண்டிருப்பார்.

இது வேடிக்கை. நிஜமாகவே ஒருவர் இறந்துபோகும் நாளில், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு மொழி பேசுகின்றன.

கேமராவோடு வரும் நிருபர் பாவம். காலையில் பள்ளிக்கூட போர்டு கூட்டம், மதியம் லாரி விபத்து, அதற்கு நடுவில் இது. தலைப்பு அவர் வருவதற்கு முன்பே தயாராகிவிடும்: ‘பாராசூட் விரியாததால் பலி’. ஆங்கிலத்திலும் அதுதான், தமிழிலும் அதுதான், ஸ்பானிஷிலும் அதுவாகத்தான் இருக்கும். குதிக்கிறவர்கள் இதைப் படித்துப் பல்லைக் கடிப்பார்கள். ஏனென்றால் கடந்த சில பத்தாண்டுகளாக அவர்களைக் கொல்வதில் முன்னணியில் இருப்பது, அழகாக, முழுதாக, எந்தக் குறையும் இல்லாமல் விரிந்த பாராசூட்.

எப்படி? சிறிய, வேகமான சிறகுகள் வந்தன. தரைக்கு அருகே கூர்மையாகத் திரும்பினால் சிறகு பாய்ந்து வேகம் எடுக்கும். அந்த வேகத்தில் புல்தரையை உரசிக்கொண்டு வழுக்கி வருவதற்கு ‘ஸ்வூப்’ என்று பெயர். பார்க்க அத்தனை அழகு, அதற்குப் போட்டியே உண்டு. திருப்பத்தை ஒரு விநாடி தாமதமாக ஆரம்பித்தால் தரை முந்திக்கொள்ளும். சாகசமே வேண்டாம் என்பவர்களும் மாட்டுவதுண்டு: எதிரே கம்பி வேலி வருகிறது, பதறி ஒரு பக்கக் கயிறை இழுத்துத் திரும்புகிறார், உயரம் போதவில்லை. மறுநாள் காலை செய்தி: பாராசூட் விரியவில்லை.

இன்னும் சில நிரந்தர வாசகங்கள் உண்டு. ‘ரிப்கார்டை இழுத்தும் பயனில்லை’ என்று எழுதுவார்கள். பெரும்பாலான விளையாட்டுக் குதிப்பாளர்களின் மெயினில், அதாவது முதல் பாராசூட்டில், திறக்க இழுக்கும் அந்த ரிப்கார்டே கிடையாது. பையின் அடியில் செருகிய குட்டிக்குடையைக் கையால் உருவிக் காற்றில் வீசுகிறார்கள். ‘அனுபவம் மிக்க வீரர்’ என்பார்கள். எத்தனை குதித்தவர் என்ற எண் இருக்காது. முப்பதும் அனுபவம், மூவாயிரமும் அனுபவம். படமோ, வேறெங்கோ எடுத்த டேண்டம் ஜோடி, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டு. கெட்டகாலம் என்றால் பாராகிளைடர் படம். கடைசி வரி மட்டும் எப்போதும் சரியாக இருக்கும்: விமானப் போக்குவரத்துத் துறை, பாராசூட் மடிப்பையும் விமான விதிகளையும் விசாரிக்கும் என்று. அந்தத் துறை வழக்கமாக விசாரிப்பது அவ்வளவுதான் என்பதை வாசகர் கவனிப்பதில்லை. ஆள் எப்படித் திரும்பினார், ஏன் திரும்பினார் என்பது அதில் வராது.

பத்திரிகைக்காரர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. விபத்து நடந்த தளத்தில் போய் நில்லுங்கள். அதுவரை உங்களைக் கட்டிப்பிடித்துக் கதை சொன்ன கூட்டம் வாயை மூடிக்கொள்ளும். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். நிருபர் வேறு வழியில்லாமல் எதிரே கோழிப்பண்ணை வைத்திருப்பவரைக் கேட்பார், அவர் “துணி சுத்திட்டு வந்துது, பெரிய சத்தம்” என்பார், அது செய்தியாகும். மறுநாள் அதே கூட்டம் அந்தச் செய்தியைப் பிய்த்துப் பிய்த்துச் சிரிக்கும். வாயைத் திறக்காதவர்களுக்குத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று கோபப்பட அரை உரிமைதான் உண்டு.

இவர்களுடைய இன்னொரு பழக்கம், “தளத்துக்குக் கார் ஓட்டிட்டு வர்றதுதான் ஆபத்து, குதிக்கிறது இல்லை” என்று டீஷர்ட்டில் எழுதாத குறையாகச் சொல்வது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்கில் 2024-ல் சுமார் 38.8 லட்சம் குதிப்புகள், 9 மரணங்கள். 1961-ல் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை ஆகக் குறைந்த எண்ணிக்கை அதுதான். 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். 2024 கணக்குப்படி பத்து லட்சம் குதிப்புக்கு 2.3 மரணம் என்று வருகிறது. அமெரிக்கச் சாலைகளில் பத்து கோடி மைலுக்குச் சுமார் ஒன்றேகால் மரணம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பெரிஸுக்குப் போக வர 140 மைல் என்றால், பத்து லட்சம் பயணத்துக்கு 1.75. ஆக, ஒரே ஒரு குதிப்பு குதித்துவிட்டு வீட்டுக்குப் போனால் டீஷர்ட் வசனம் கிட்டத்தட்ட ஒட்டும். ஒரு நாளில் ஐந்து குதிக்கிறார்களே ஐயா!

பாராசூட்டே கதையின் மையமாக இருந்த வழக்கு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் வில்ட்ஷரின் நெதராவன் தளம், 2015 ஏப்ரல் 5. நன்கு தேர்ந்த பயிற்சியாளரான ஒரு பெண் 4,000 அடியிலிருந்து குதித்தார். மெயின் முறுக்கிக்கொண்டது, கழற்றிவிட்டார். ரிசர்வும் சரியாக வரவில்லை. அப்போதுதான் உழுத மண்ணில் விழுந்து, எலும்புகள் நொறுங்கி, பிழைத்துக்கொண்டார். வெளியார் கண்ணுக்கு இது விபத்து. அங்கே இருந்தவர்கள் ரிசர்வைப் பார்த்ததும் நிமிர்ந்தார்கள். சேணத்தோடு கயிறுகளைப் பிணைக்கும் துணிக் கண்ணிகள் சில காணவில்லை. அவை அறுந்து போகலாம். காணாமல் போக வழியே இல்லை. இரண்டு பாராசூட்டும் ஒரே குதிப்பில் கெடுவது என்பதே அவர்களுக்கு நம்ப முடியாத விஷயம். போலீஸ் வந்தது. கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர், ராணுவ சார்ஜென்டான அவருடைய கணவர். 2018-ல் ஆயுள் தண்டனை. பத்திரிகைகள் காதல், கடன், காப்பீட்டுப் பணம் என்று வாரக்கணக்கில் எழுதின. எனக்கு அந்தக் கதையில் பிடித்தவர்கள், தரையில் கிடந்த துணிக்குவியலைப் பார்த்து “இங்கே ஒண்ணு குறையுதே” என்று கண்டுபிடித்தவர்கள்தான்.

மரணம் தவிர வேறு எதற்கு ஸ்கைடைவிங் செய்தியாகும்? பாட்டிகளுக்கு. 2023 அக்டோபர் 1-ஆம் தேதி இல்லினாய் மாநிலம் ஒட்டாவாவில், 104 வயது டாரதி ஹாஃப்னர் தன் நடைச்சட்டத்தை விமானத்துக்கு வெளியே விட்டுவிட்டு, 13,500 அடியிலிருந்து டேண்டம் குதித்தார். உலகமே கொண்டாடியது. ஒரு வாரத்தில் அவர் தூக்கத்திலேயே இறந்தபோது அதுவும் செய்தி. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி, மூத்த ஜார்ஜ் புஷ் தொண்ணூறாவது பிறந்தநாளில் குதித்ததும் அப்படித்தான். 2006 பிப்ரவரி 8-ல் தாய்லாந்தின் உடான் தானியில் 400 பேர் வானத்தில் கைகோத்து ஒரே மலராக நின்றார்களே, அது நினைவிருக்கிறதா? இருக்காது. அதில் யாரும் சாகவில்லை, யாருக்கும் 104 வயதும் இல்லை.

இதைவிட வேடிக்கை. 2012 அக்டோபர் 14-ல் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்ததை 80 லட்சம் பேர் ஒரே சமயத்தில் யூடியூபில் பார்த்தார்கள். இரண்டே ஆண்டில், 2014 அக்டோபர் 24-ல், கூகுளில் பெரிய பதவியில் இருந்த ஆலன் யூஸ்டஸ், கூண்டுகூட இல்லாமல் பலூனில் தொங்கியபடியே 41 கிலோமீட்டருக்கு மேலே போய்க் குதித்து அந்த உயரச் சாதனையை முறித்தார். நேரலை இல்லை, பான நிறுவன விளம்பரம் இல்லை, முன்கூட்டிய அறிவிப்பும் இல்லை. இன்றைக்கும் வினாடி வினாவில் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் பாம்கார்ட்னர் என்றுதான் சொல்வார்கள். பாம்கார்ட்னர் 2025 ஜூலையில் இத்தாலியில் இறந்தது மோட்டார் பொருத்திய பாராகிளைடரில். தலைப்புகளில் அவர் ‘ஸ்கைடைவர்’. தப்பில்லை, ஆனால் ஸ்கைடைவிங்கில் இறந்தார் என்று எத்தனை பேர் நினைத்துக்கொண்டார்களோ.

விபத்தே நல்ல செய்தியாவதும் உண்டு. 2013 நவம்பர் 2-ஆம் தேதி விஸ்கான்சின் மாநிலம் சுப்பீரியருக்கு மேலே, அன்றைய கடைசிக் குதிப்பில், இரண்டு செஸ்னா விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்றின் இறக்கை முறிந்து தீப்பிடித்தது. உள்ளே மொத்தம் ஒன்பது குதிப்பாளர்கள், இரண்டு விமானிகள். பதினோரு பேரும் பிழைத்தார்கள்! குதிப்பாளர்கள் எப்படியும் குதிக்கத்தானே போனார்கள்; இறக்கை போன விமானத்தின் விமானியும் பாராசூட் கட்டியிருந்தார். போதாக்குறைக்குத் தலைக்குத் தலை கேமரா. அந்தக் காணொளிகளின் உரிமையை என்பிசி தொலைக்காட்சி வாங்கிப் பிரத்யேகமாகக் காட்டியது. அன்றைக்கு மட்டும் யாரும் ரிப்கார்டைப் பற்றிப் பேசவில்லை, படமே எல்லாம் சொல்லிவிட்டது.

சரி, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் சாவுகளைப் பற்றி எங்கேதான் பேசுகிறார்கள்? அமெரிக்க பாராசூட் சங்கத்துக்கு ‘பாராசூட்டிஸ்ட்’ என்று ஒரு பத்திரிகை இருக்கிறது. பளபளப்பான அட்டை, சிரித்த முகங்கள், போட்டி முடிவுகள். அதில் விபத்து அறிக்கைகளும் வரும். பெயர் இருக்காது. ஊர் இருக்காது. அழுகிற அம்மா இருக்கமாட்டார். வயது, குதிப்பு எண்ணிக்கை, எந்த அளவுச் சிறகு, எந்த உயரத்தில் எந்தப் பிடி இழுக்கப்பட்டது, எது இழுக்கப்படவில்லை, அதிலிருந்து என்ன தெரிகிறது, அவ்வளவுதான். தினசரியில் இறந்தவரின் பெயர், வயது, ஊர், கல்யாணப் படம் எல்லாம் கிடைக்கும். எப்படி இறந்தார் என்பது கிடைக்காது. இங்கே எப்படி என்பது மட்டும்தான் கிடைக்கும். படிப்பவர்கள், அடுத்த சனிக்கிழமை அதே கதவில் நிற்கப்போகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

சீட் பெல்ட் கதை சொல்கிறேன் என்றேனே. 1992 ஏப்ரல் 22, இதே பெரிஸ். இதே ரக ட்வின் ஆட்டர், 22 பேர். எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தது. புறப்பட்டவுடன் ஒரு எஞ்சின் நின்றது. பதற்றத்தில் விமானி ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் சுழல்விசிறியை முடக்கிவிட்டார். குதிக்க உயரமே இல்லை. 16 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் ஒருவர் டான் பிராட்ஸ்கி-செனஃபெல்ட். கழுத்தெலும்பு முறிந்து வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தவர், எழுந்து வந்து மறுபடி குதித்து, உலக சாம்பியனாகி, பின்னாளில் இதே தளத்தை நிர்வகிக்கவும் செய்தார். அந்த விபத்துக்கு முன்பு, கொஞ்ச நேரத்தில் குதிக்கப்போகிறோம், பெல்ட் எதற்கு என்ற அலட்சியம் பரவலாக இருந்தது. பிற்பாடு பெல்ட் பழக்கமானது. இப்போது ஆட்டருக்குள் யாராவது புதுப்பையன் பெல்ட் மாட்ட மறந்தால், பக்கத்தில் இருப்பவர் எதுவும் பேசாமல் தானே எட்டி மாட்டிவிடுவார்.

இப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தால் சாவே இல்லாமல் போகவேண்டுமே? அங்கேதான் பில் பூத் மறுபடி வருகிறார். கருவி எவ்வளவு பாதுகாப்பாகிறதோ அவ்வளவுக்கு ஆட்கள் துணிச்சலைக் கூட்டிக்கொள்வார்கள், சாவு எண்ணிக்கை அப்படியே நிற்கும் என்று அவர் பெயரால் ஒரு விதியே வழங்குகிறது. ரிசர்வும் சைப்ரஸும் நம்மைக் காக்கும் என்று தெரிந்ததும், இவர்கள் கைக்குட்டை அளவு சிறகைக் கட்டிக்கொண்டு குளத்தின் மேல் வழுக்கப் பழகினார்கள். சமீப வருடங்களின் எண்ணிக்கை மட்டும் பூத்தைப் பொய்யாக்கிக்கொண்டு வருகிறது. அவரே அதற்காகச் சந்தோஷப்படுவார்.

சாயங்காலம். கடைசி லோடு. சூரியன் குன்றுக்குப் பின்னால் இறங்கும்போது குதிக்கும் இதற்கு எப்போதும் தள்ளுமுள்ளு. சில நாட்களில் இந்த லோடில் ஒரு சின்னப் பையும் ஏறும், உள்ளே ஒரு நண்பரின் அஸ்தி. வட்டமாகக் கைகோத்து விழுந்துகொண்டே பையைப் பிரிப்பார்கள். காற்று மேல்நோக்கி அடிப்பதால் பாதி அவர்கள் மேலேயேதான் படியும். இறங்கி வந்து உடுப்பைத் தட்டிக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, “கடைசி வரைக்கும் நம்மள விடமாட்டான்” என்று சிரிப்பார்கள். விபத்து நடந்த தளத்தில் மறுநாளே குதிக்கிறார்கள், ஈரமே இல்லாதவர்கள் என்று எழுதும் நிருபர் இந்த லோடைப் பார்க்க இருப்பதில்லை. அவருக்கு ஆறு மணிச் செய்திக்கு நேரமாகிவிட்டிருக்கும்.

வாருங்கள், கோட்டைத் தாண்டி வெளியே போவோம். பியர் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுத்த தடவை ‘பாராசூட் விரியாததால் பலி’ என்று யாராவது செய்தியைப் படித்துச் சொன்னால், பாவமாக உச்சுக்கொட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எது விரியலையாம்? மெயினா, ரிசர்வா?”